பழைய சாமிக்கு இங்கே இடமில்லை

பத்து பெரண்டாம், மலாக்கா,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஷாந்தினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், டப்ளின் குளிர் உன் முழங்காலுக்குள் இறங்காமல் இருக்க வேண்டும். இங்கே அப்பா சுகம். என்னைக் கேட்டால் வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறேன், ஐந்து வாரத்துக்கு முன்னால் கண்ணாடி குத்தி நான்கு தையல் போட்டார்கள், பிரித்தும் ஆயிற்று, போனில் உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ நர்ஸ் குரலில் நூறு கேள்வி கேட்பாய். இப்போது ஏன் சொல்கிறேன் என்றால் இந்தக் கடிதமே அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான். போனில் பேசலாமே, ஏன் பேப்பரும் பேனாவும் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் அழுவேன், பக்கத்து அறையில் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். எழுதினால் அழுகிறவள் தனியாக அழுது முடித்துவிட்டு மீதியை எழுதலாம். அதனால் உன் பழைய பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்து எடுத்துக்கொண்டேன்.

வாட்சப்பைத் திறக்கவே எனக்கு இப்போது பிடிப்பதில்லை. காலையில் கண் விழிப்பதற்குள் நாற்பது சாமி வந்துவிடுகிறது, ரோஜாப் பூவுக்குள் ஒரு பிள்ளையார், காப்பிக் கோப்பைக்குள் ஒரு முருகன், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒரு லட்சுமி, இதைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் சாயந்தரத்துக்குள் நல்ல சேதி வரும், அனுப்பாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா என்று ஒரு மிரட்டல் வேறு. அனுப்புகிறவர்கள் ஒருவராவது அதைப் பார்த்துவிட்டு அனுப்புகிறார்களா என்றால் கிடையாது, பல் விளக்கிக்கொண்டே ஒரு தட்டு, போய்விடும். அப்படி மினுமினுக்கிற பிள்ளையாருக்கும் யாரோ விற்கிற பழைய டயருக்கும் நடுவில்தான் உன் மெசேஜ் வந்தது. அம்மா, இனிமே எனக்காக எங்கயும் வெளக்குப் போடாதீங்க, நீங்க குடுத்த மாரியம்மன் படத்த இங்க எங்க போடறதுன்னு தெரியல, குப்பைத் தொட்டியில பேப்பருக்கு ஒண்ணு கண்ணாடிக்கு ஒண்ணுன்னு வச்சிருக்காங்க, இது எதுல சேரும்னு கேட்டிருந்தாய். நான் அதை நான்கு முறை படித்தேன். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் விரலை வைத்ததில் அந்தக் கட்டைவிரல் பொம்மை போய்விட்டது. பெற்ற மகள் வயிறெரிந்து எழுதியதற்கு அம்மா அனுப்பிய பதில் ஒரு கட்டைவிரல். அழிக்கவும் தெரியவில்லை, அப்பாவிடம் கேட்கவும் வெட்கம். அந்த வாரம் முழுக்க என் கையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மாப்பிள்ளை கவிநேசன் மறுநாளே கூப்பிட்டார். அவரைத் திட்டாதே, சொல்லாதீங்க அத்தை என்றுதான் சொன்னார், நான்தான் சொல்கிறேன். அத்த, அவ வேலைக்குப் போறா, வர்றா, யாருகிட்டயும் கோவப்படறதில்ல, ஆனா ஆஸ்பத்திரி கார் பார்க்ல அரை மணி நேரம் இறங்காம உட்கார்ந்திருக்கா, கட்டிக் குடுக்கற சாப்பாடு அப்படியே திரும்பி வருது, ராத்திரி நான்தான் கொட்டிக் கழுவறேன் என்றார். எனக்குக் கோபமாகப் பேசுகிற ஷாந்தினியைத் தெரியும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஷாந்தினியைத் தெரியும். கோபப்படாத ஷாந்தினி யார் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் என் பயம். முதல் குழந்தை மூன்றாம் மாதத்தில் போனபோது நீ கத்தினாய், சாமி படத்தைப் பார்த்துத் திட்டினாய், எனக்குக் கொஞ்சம் தைரியமாகவே இருந்தது. இந்த முறை ஐந்து மாதம் சுமந்துவிட்டுப் பறிகொடுத்தபோது நீ குப்பைத் தொட்டி எது என்று கேட்கிறாய்.

இங்கே வீட்டுக்கு வந்து போகிறவர்களைப் பற்றிச் சொன்னால் உனக்குப் பசி வராவிட்டாலும் எரிச்சலாவது வரும், வரட்டும். தங்கா பத்து ஊரிலிருந்து உன் அத்தை வந்தார், உன் அப்பாவின் தங்கை என்பதால் முறுக்கும் டீயும் வைத்தேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே, நைட் ஷிப்ட் போற பொண்ணுக்குக் கர்ப்பம் எப்படிம்மா நிக்கும், அதோட குலதெய்வத்துக்கு ஏதோ கொறை வச்சிருக்கீங்க, சாமி காரணமில்லாம எடுக்காது என்றார். வாயில் முறுக்குத் தூள், கையில் முறுக்கு, கண்ணில் ஒரு சொட்டுக் கிடையாது. போன பிறகு அந்தத் தட்டில் மிச்சமிருந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன், அப்பாவுக்குக் கோபம், நல்ல முறுக்கு என்றார். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து உன் ஜாதகம் கேட்டார், வேறொருவர் ஒரு எந்திரத் தகடு கொண்டுவந்து அதை உன் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னார், டப்ளினுக்கு எப்படி அனுப்புவது என்றதற்கு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றார். பிள்ளை போன வீட்டில் வந்து இப்படிப் பேசுகிறவர்கள் வாயில் வருகிற சாமி எனக்கு வேண்டவே வேண்டாம்.

ஆனாலும் நீ போடாதே என்ற அடுத்த செவ்வாய்க்கிழமையே நான் விளக்குப் போடப் போனேன், அதை மறைக்கமாட்டேன். நம் தாமான் வீடுகளுக்குப் பின்னால், சாக்கடை ஓடுகிற பெரிய லோங்காங் ஓரம் அரசமரத்தடி முனியாண்டி இருக்கிறதே, ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்துக் கல்லும் சூலமும், அங்கே. உனக்காகக்கூட இல்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாத கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று போனேன். நீ அங்கே வந்து எத்தனை வருடமாகிறது, இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. வீடு மாறுகிறவர்கள், சமையலறையை இடித்துக் கட்டுகிறவர்கள், அப்பா அம்மா செத்துப்போய்ச் சாமி அறையைக் காலி செய்கிறவர்கள், எல்லோரும் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, பழைய சாமி படங்களை அந்த மரத்தடியில் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் பாவமாம், மரத்தடியில் போட்டால் பாவமில்லையாம். சிலர் கருப்புக் குப்பைப் பையில் கட்டி முடிச்சுப் போட்டே வைத்துவிட்டுப் போகிறார்கள், முடிச்சை அவிழ்க்கக்கூட அவசரம். எண்ணெய் வடிந்து கெட்டியாகிப் போன குத்துவிளக்கு, கரையான் தின்ற சட்டம், எலி கூடு கட்டிய சரஸ்வதி, மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நான்கு முருகன், அதன் மேல் எவனோ குடித்துவிட்டு எறிந்த தண்ணீர்ப் பாட்டில். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி தள்ளி வைத்தேன், உடைந்து கிடந்த ஒரு லட்சுமி படத்தின் கண்ணாடி செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறியது. அகல் கையிலிருந்து விழுந்து உடைந்தது, விளக்கும் போடவில்லை, எதுவும் கும்பிடவில்லை, வலியில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன், முனியாண்டி காதில் விழுந்திருக்கும்.

உனக்குத் தெரியும், உன் அம்மா இருபத்தாறு வருடம் இங்கே பேக்டரியில் முகமூடியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சிப் சோதித்தவள், ஒரு தலைமுடி விழுந்தால் ஒரு தட்டுச் சரக்கும் வீண். அழுக்கைப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டு வர என் உடம்புக்குத் தெரியாது. தையல் பிரித்த சனிக்கிழமை கையுறை, வாளி, இடுக்கி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பக்தியில் போகவில்லை, நன்றாகக் கேட்டுக்கொள், சகிக்க முடியாத அருவருப்பில் போனேன். அப்பா வேண்டாம் என்றார், அது கோயில் கமிட்டி வேலை என்றார். கமிட்டி காலில் குத்தினால் கமிட்டி செய்யும் என்றேன். கடைசி வீட்டு அஜீசா அக்கா ஜன்னல் வழியாக நான் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார், அவர் வீட்டுக்காரர் ஹனீஃப் அண்ணன் கடையிலிருந்து ஒரு கட்டுப் பழைய பேப்பரும் அட்டைப் பெட்டியும் கொண்டுவந்தார். இங்க பாரு பவானி, படத்த நான் தொடமாட்டேன், அது உன் பாடு, ஆனா கண்ணாடி எல்லாரு காலுலயும்தான் குத்தும், அத இப்படிக் குடு என்று சொல்லி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் சட்டத்தைப் பிரித்துப் படத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடியை அவர் பக்கம் தள்ளுவேன், அவர் நான்கு பேப்பரில் சுற்றி டேப் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவார். காகிதப் படங்களை ஆற்றில் விட வேண்டும் என்றார் கோயில் குருக்கள். மலாக்கா ஆற்றுக்கு நான் எங்கே போவேன், ஏற்கனவே அதில் மிதப்பது போதாதா, வாளியிலிருப்பதும் தண்ணீர்தானே என்று வாளியிலேயே ஊறப்போட்டேன். இரண்டு நாளில் எல்லாச் சாமியும் கூழாகிவிடும், அதை அரசமரத்து வேரில் ஊற்றிவிடுவேன். பிளாஸ்டிக் ஒட்டிய படங்கள் மட்டும் கரையமாட்டேன் என்கின்றன, அதைக் கண்டுபிடித்தவனை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று சனிக்கிழமை இப்படிப் போயிற்று. படங்களின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறாயா, சட்டத்துக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கும். அதில்தான் ஜனங்கள் எல்லாவற்றையும் செருகி வைத்திருக்கிறார்கள். லாட்டரிக்கு நாலு நம்பர் எழுதிய சீட்டு, யாரோ ஒரு பிள்ளையின் எஸ்பிஎம் பரீட்சை நம்பர், வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தின் நகல், புருஷன் குடியை விட வேண்டும் என்று பென்சிலில் எழுதிய ஒரு வரி. முன்பக்கம் சாமி, பின்பக்கம் இதெல்லாம். இரண்டாவது சனிக்கிழமை ஒரு பழநி முருகன் படத்தின் பின்னால் மடித்த தாள் ஒன்று இருந்தது, பிரித்தால் வழவழப்பாக, கறுப்பும் சாம்பலுமாக, முதலில் என்னவென்று தெரியவில்லை, பிறகு தெரிந்தது. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்க எடுக்கிற ஸ்கேன் படம். பேர் அழிந்துவிட்டது, தேதி அழிந்துவிட்டது, ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அஜீசா அக்கா கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டு, என் முன்னால் கிடந்த கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் யார் என்று நான் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். உன்னைப் போலப் பறிகொடுத்துவிட்டு இனி எதற்கு என்று படத்தோடு அதையும் கொண்டுவந்து வைத்தாளா, இல்லை பிள்ளை நல்லபடியாகப் பிறந்து வளர்ந்து பெரியவனாகி, கல்யாணம் கட்டி, வீட்டை இடித்துக் கட்டும்போது பின்னால் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் கொண்டுவந்து சாத்திவிட்டானா. இரண்டில் எதுவென்று தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. வாட்சப் சாமியார்கள் எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிறார்களே, எனக்கு இந்தத் தெரியாததுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஏனென்று கேட்காதே. அந்தத் தாளை மட்டும் வாளியில் போடக் கை வரவில்லை. உன் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் நம் கமிட்டித் தலைவர் தங்கராஜு வந்தாரே, அந்தக் கூத்தைக் கேள். மூன்றாவது சனிக்கிழமை, குப்பை முக்கால்வாசி போன பிறகு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பத்து பேரோடு வந்தார். என் கையிலிருந்த விளக்குமாற்றை, ஒரு நிமிசம் குடுங்க தங்கச்சி என்று வாங்கினார், குனிந்தார், போட்டோ எடுத்தார்கள், நிமிர்ந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். சாயந்தரம் பார்த்தால் பேஸ்புக்கில் கோயில் கமிட்டியின் மாபெரும் கோத்தோங் ரோயோங் என்று போட்டிருக்கிறது, ஊர் கூடிச் சுத்தம் செய்ததாம். ஊர் என்பது நானும் அஜீசா அக்காவும் ஒரு முக்காலியும். அதோடு விட்டாரா, இனிமேல் யாரும் படம் போடக் கூடாது என்று ஒரு போர்டு செய்து மரத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டார், முனியாண்டி தலைக்கு நேர் மேலே. மலாய் வரி ஒரு பிழையில்லாமல் இருக்கிறது. தமிழில், பழைய சாமி படங்களுக்கு இங்கே இடமில்லை என்று எழுதித் தரச் சொன்னாராம், எழுத்து பெரிதாக இருந்ததால் போர்டில் இடம் போதவில்லை, கடைக்காரன் தமிழ் தெரியாதவன், நடுவில் படங்களு என்ற எழுத்துகளை எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்து அச்சடித்துவிட்டான். சரியா என்று போனில் அனுப்பியதற்கு தலைவர் படிக்காமலே கட்டைவிரல் காட்டியிருக்கிறார். இப்போது அந்த மரத்தில், சிவப்பு எழுத்தில், ஒரு முழ உயரத்துக்கு, பழைய சாமிக்கு இங்கே இடமில்லை என்று தொங்குகிறது. கீழே நூறு வருடத்து முனியாண்டி உட்கார்ந்திருக்கிறது.

அப்பா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நீ கேட்டதும் அதுதானே ஷாந்தினி, பழைய சாமியை எங்கே போடுவது என்று. உன்னை மட்டும் நான் என்ன குறை சொல்ல. நீ பிறப்பதற்கு முன்னால் நானும் ஒரு நாள் போட்டிருக்கிறேன், அதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன்.

உனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து இறந்தான் என்று உனக்குத் தெரியும், அதற்கு மேல் நான் சொன்னதில்லை. அப்போது நியாலாஸ் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்தோம், அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். எட்டு நாள் இருந்தான். எட்டு நாளும் மாரியம்மன் படத்துக்கு முன்னால் விளக்கு அணையவில்லை, நான் பார்த்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்தேன். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக வலிக்கிறது, சுவரில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், விளக்கு எரிகிறது. அப்பா பிள்ளைக்குச் சவப்பெட்டி வாங்கப் போயிருந்தார். படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் லயத்துக்குப் பின்னால், எல்லார் வீட்டுச் சாக்கடையும் பன்றித் தொட்டித் தண்ணீரும் சேர்ந்து ஓடுகிற லோங்காங்கில் ஓங்கி எறிந்தேன். கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. எனக்கு அப்போது நன்றாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த வீட்டில் குஞ்சம்மா என்று ஒருத்தி இருந்தாள், அவளை எனக்கு ஆகவே ஆகாது. எந்நேரமும் வெற்றிலை, கண்ட இடத்தில் துப்புவாள், வாயைத் திறந்தால் கெட்ட பேச்சு, வீட்டுக்குப் பின்னால் பன்றி வளர்த்தாள். அவள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை நான், அவள் கை பட்ட எதையும் வாங்கமாட்டேன். அன்று மதியம் பின்பக்கம் போனால், முழங்கால் வரை அந்தச் சாக்கடைக்குள் இறங்கி நின்று, கையைவிட்டுத் துழாவிக் கண்ணாடித் துண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறாள். விரலில் ரத்தம், ஒரு கந்தலைச் சுற்றியிருக்கிறாள். என்னைப் பார்த்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் அல்லது சாமி குத்தம் என்று கத்தப்போகிறாள் என்று நின்றேன். அவள் சொன்னது இதுதான், ஏண்டி, உனக்கும் சாமிக்கும் சண்டைன்னா நீங்க ரெண்டு பேரும் போட்டுக்குங்க, கண்ணாடிய லோங்காங்ல போட்டா எம் பன்னி வாயி என்னாவறது. சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். சாயந்தரம் பார்க்கிறேன், அவள் கைலிக்கும் அவள் புருஷன் கால்சட்டைக்கும் நடுவில், துணிக் கொடியில், சோப்புப் போட்டு அலசிய மாரியம்மன் கிளிப்பில் தொங்குகிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்று நாள் கழித்து அது என் ஜன்னலில் இருந்தது. யாரிடமும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த வாய் எதையும் மூடி வைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆணி கழன்று விழுந்து உடைந்தது என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் ஜாசினில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டுவந்தார். இன்றுவரை அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

அந்தப் படம்தான் நீ டப்ளினுக்குப் போகும்போது உன் பெட்டியில் சேலைக்கு நடுவில் வைத்துக் கொடுத்தது. இடது மூலையில் பழுப்பாக ஒரு கறை இருக்கிறதே, சின்னப் பிள்ளையில் கேட்டால் சந்தனம் என்று சொல்வேனே, அது சந்தனமில்லை, சாக்கடை. அதைத்தான் நீ பொட்டு வைத்துக் கும்பிட்டு வளர்ந்தாய். அடுத்த வருடம் நீ பிறந்தது அந்தப் படத்தால் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் உனக்கு நிற்காமல் போனது எதனால் என்று நீ கேட்பாய், அதற்கு என்னிடம் பதில் கிடையாது, பதில் இருப்பதாகச் சொல்கிறவர்களைத்தான் மேலே திட்டி எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிறு அப்பாவை நியாலாஸுக்குக் காரை விடச் சொன்னேன். குஞ்சம்மா அக்கா மகன் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், வெற்றிலை இன்னும் விடவில்லை. போகும்போதே என் மனதுக்குள் ஒரு எண்ணம், அன்று என்ன நினைத்து அக்கா அதை எடுத்துக் கழுவினீர்கள் என்று கேட்க வேண்டும், ஏதாவது ஒன்று சொல்வார், அதை உனக்கு எழுத வேண்டும். அப்பாவும் அவர் மகனும் வெளியே பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். எந்தப் படம், என்றார். சொன்னேன். நானா, போடி, எனக்கு அதெல்லாம் ஞாபகமில்ல என்றார். சாக்கடை, கண்ணாடி, பன்றி என்று எடுத்துக் கொடுத்தேன். பன்றி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது, கறுப்பாயியா, அது எப்பேர்ப்பட்ட பன்னிடி, கூப்பிட்டா நாய் மாதிரி வரும் என்று கால் மணி நேரம் கறுப்பாயியைப் பற்றியே பேசினார். படம் அவர் ஞாபகத்தில் ஒரு மூலையிலும் இல்லை. அவர் டீ கொடுத்தார், டம்ளர் விளிம்பில் வெற்றிலைக் கறை, நான் அதைக் குடித்தேன்.

முப்பத்தைந்து வருடம் ஷாந்தினி, எந்தக் கஷ்டம் வந்தாலும் கொடியில் தொங்கிய அந்தப் படத்தைத்தான் நான் மனதில் பிடித்துக்கொள்வேன். பேக்டரியில் ஆள் குறைத்தபோது, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, நீ விமானம் ஏறியபோது, எல்லாவற்றுக்கும் அதுதான். அதைச் செய்தவளுக்கு அது ஞாபகமே இல்லை, அவளுக்கு அன்று அது ஒரு வேலை, பன்றிக்குக் கழனித்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் செய்த வேலை. சாமி இருக்கிறதா இல்லையா என்று நீ என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தச் சாக்கடைக்குள் ஒருத்தி இறங்கினாள், அது எனக்குத் தெரியும், நான் கண்ணால் பார்த்தேன். நீயும் தினம் அதைத்தானே செய்கிறாய், யார் யாருடைய புண்ணையோ துடைக்கிறாய், மலத்தை அள்ளுகிறாய், உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டா கையுறையைப் போடுகிறாய். உன் கையால் துடைத்துவிடப்பட்டு வீட்டுக்குப் போன யாரோ ஒருவர் உன்னைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பார், உனக்கு அவர் முகம்கூட ஞாபகமிருக்காது. எனக்குத் தெரிந்த ஆறுதல் இவ்வளவுதான், இதற்கு மேல் இருப்பதாகச் சொன்னால் நானும் அந்த முறுக்கு அத்தையாகிவிடுவேன்.

விளக்கைப் பற்றி, நீ வேண்டாம் என்றாய், சரி, போடவில்லை. செவ்வாய்க்கிழமை போய்க் கூட்டிவிட்டு மட்டும் வருகிறேன். போர்டு அப்படியே தொங்குகிறது, அதற்குக் கீழேயே போன வாரம் யாரோ புதிதாக இரண்டு படம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், திட்டிக்கொண்டே எடுத்து வந்தேன். நீயும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் வயிறும் மனதும் ஆற வேண்டும், அது எப்போது ஆறுகிறதோ அப்போது ஆறட்டும், யாருக்காகவும் அவசரப்படாதே. கார் பார்க்கில் உட்கார வேண்டும் போல் இருந்தால் உட்கார், நான் கேட்கமாட்டேன், ஆனால் மாப்பிள்ளை கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டே உட்கார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. படத்தை வைத்துக்கொள்வதும் போடுவதும் உன் இஷ்டம், நான் போட்டவள், உன்னைப் போடாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. போடுவதாக இருந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்று. பின்பக்கம் அப்பா மடக்கி அடித்த நான்கு ஆணி இருக்கும், பழைய கத்தியால் நெம்பினால் வரும், கையைப் பார்த்துக்கொள். கண்ணாடியைத் தடிமனாகப் பேப்பரில் சுற்றி, மேலே கண்ணாடி என்று அந்த ஊர் எழுத்தில் எழுதிப் போடு. கீழே யார் கையைவிட்டுப் பொறுக்கப் போகிறார்களோ, நமக்குத் தெரியாது.

உன் அம்மா,
பவானேஸ்வரி சேகரன்